இடி முழக்கத்தில் எரியும் தொடர்பு: மாங்கேணி மணலில் எர்த் அடித்த கதை

டித்வா புயல் கரையைக் கடந்த 2025 நவம்பர் கடைசி நாட்களில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். "வாகரைப் பக்கம் ஆரோடயும் கதைக்கக் கிடைச்சதா?" கட்டாரிலிருந்து கேட்டார்கள், லண்டனிலிருந்து கேட்டார்கள், ஒருவர் வவுனியாவிலிருந்து கேட்டார். நான் மட்டக்களப்பு நகரில் இருந்தேன். எனக்கும் கிடைக்கவில்லை.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சிக்னல் போன கதை. வாகரைப் பிரதேசத்துச் சனத்துக்கு அப்படியல்ல. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிய நாட்கள் எடுத்தன. 2006 இன் கடைசி மாதங்களிலும், 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றிய நாட்களிலும், உள்ளே அடைபட்ட உறவுகளை முகாம் முகாமாகத் தேடித் திரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் அழைப்பு போகாவிட்டால் மனம் முதலில் போகிற இடம் வேறு.

புயல் நாட்களில் டவர்கள் நின்றதற்குப் பெரிய காரணங்கள் மின்சாரம் போனதும் கேபிள்கள் அறுந்ததும்தான். அதை மறைத்து எழுத முடியாது. ஆனால் புயலே இல்லாத சாதாரண ஐப்பசி இடிமழைக்கும் தொடர்பு சாதனங்கள் எரிந்துபோகின்றன. அதற்குக் காரணம் பல இடங்களில் எர்த், அதாவது சாதனத்தை நிலத்தோடு இணைக்கும் வயரும் கம்பியும். மாங்கேணியில் என் கண்முன்னே புகை வந்திராவிட்டால் நானும் இதைப் பற்றி எழுதியிருக்கமாட்டேன்.

மாங்கேணி, வாழைச்சேனையைத் தாண்டி ஏ-15 வீதியில் வடக்கே போகும்போது காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில் வரும் ஊர். ஒரு பக்கம் கடல். கால் வைத்தால் புதையும் மணல். அங்கே ஒரு சிறிய பொது மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்புக்கு இணையம் கொண்டுவர, மண்டபத்துக்குப் பக்கத்தில் 15 மீற்றர் உயரத்தில் இரும்புக் குழாய்க் கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் கம்பியில்லாத் தொடர்புக்கான இரண்டு அன்ரெனாக்களைப் பூட்டினார்கள். மின்சாரம் போனாலும் வேலைசெய்ய வேண்டும் என்பதால் கீழே 48 வோல்ட் பற்றரி வரிசை, கூரையில் சோலார் பனல். பெரிய டவர் ஒன்றின் அடியில் இருக்கும் அறையின் சிறிய பிரதி என்று சொல்லலாம். நான் போனது திறப்பு விழாவைப் படம் பிடிக்க. ஊடகக் கற்கை படித்த எனக்கு மின்சாரத்தில் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து ஓம் விதி மட்டும்தான்.

பற்றரி வரிசையைப் பூட்டியவர் தொலைத்தொடர்பு வழக்கப்படி பூட்டியிருந்தார். அதாவது பிளஸ் முனையை எர்த்தில் கட்டியிருந்தார். உதவிக்கு வந்த பொடியன் ஒருவருக்கு வாகன வயரிங் பழக்கம். வாகனத்தில் மைனஸ்தான் பொடியில், அதாவது தகட்டில் இருக்கும். அவர் கொண்டுவந்த 12 வோல்ட் ரவுட்டரிலும் அப்படித்தான்: மைனஸ் உள்ளுக்குள்ளேயே அதன் தகரப் பெட்டியோடு சேர்ந்திருந்தது. 48 ஐ 12 ஆகக் குறைக்க ஒரு மலிவான கொன்வேட்டரைப் போட்டு, ரவுட்டரை இரும்பு ராக்கையில் வைத்துத் திருகாணியை முறுக்கினார். திருகாணி முழுதாக இறங்கமுன்னரே மைனஸ் வயரின் பிளாஸ்ரிக் உருகி மணந்தது. பியூஸ் போகவில்லை. பற்றரியைக் கழற்றியபிறகுதான் புகை நின்றது.

இரண்டு வாரம் கழித்து, பழைய தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "பியூஸ எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க தம்பி?" பிளஸ் பக்கம் போட்டிருந்தார்கள். அவர் சிரித்தார்.

அவர் சிரித்த காரணத்தை விளங்கிக்கொள்ள, டவர்களில் ஏன் இந்தத் தலைகீழ் வழக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசி நிலையங்கள் ஆரம்ப காலத்திலிருந்தே பற்றரியில்தான் ஓடின. 2 வோல்ட் ஈயப் பற்றரி 24 ஐ வரிசையாகக் கட்டினால் 48. (சார்ஜில் இருக்கும்போது அளந்தால் ஏறத்தாழ 54 காட்டும்.) அந்தப் பற்றரியிலிருந்தே வீட்டுத் தொலைபேசிக்கும் மின் வந்தது. பழைய வயர் தொலைபேசி கரண்ட் இல்லாத இரவிலும் அடித்தது அதனால்தான். அந்தக் காலத்தில் செப்பு வயர்கள் மைல் கணக்கில் மண்ணுக்குள் போயின. ஈர மண்ணில் இரண்டு உலோகங்களுக்கு இடையில் சிறு மின் கசிந்தாலும், பிளஸ் பக்கத்து உலோகம் கரையும், மைனஸ் பக்கத்து உலோகம் தப்பும். வயரைக் காப்பாற்ற அதை மைனஸில் வைத்து, பிளஸை நிலத்தில் கட்டினார்கள். அரிப்பெடுத்தால் எர்த் கம்பிதான் அரிக்கும். அதை மாற்றுவது சுகம். கேபிளைத் தோண்டி மாற்றுவது சுகமில்லை. இன்றைய டவரில் அந்த மண் வயர் இல்லை. ஆனால் உலகம் முழுக்கக் கருவிகள் மைனஸ் 48 வோல்ட்டுக்கே செய்யப்பட்டுவிட்டதால் வழக்கம் நின்றுவிட்டது.

மைனஸ் 48 என்றால் என்ன என்று குழம்புகிறவர்கள் கிணற்றை நினைத்துக்கொள்ளலாம். பிளஸ் என்பது நிலமட்டம். மைனஸ் என்பது 48 அடி கீழே நிற்கும் தண்ணீர். ராக்கை, கம்பம், வேலி எல்லாம் நிலமட்டத்தில் இருக்கின்றன. மைனஸை நிலமட்டத்தில் இருக்கும் எந்த இரும்போடு தொடுத்தாலும் முழு 48 உம் பாயும். பற்றரி ஒன்று அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான அம்பியரைத் தள்ளக்கூடியது. இரும்பைப் பற்றவைக்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும். மாங்கேணியில் நடந்ததும் இதுதான். பற்றரி மைனஸிலிருந்து கொன்வேட்டர் வழியாக ரவுட்டர் பெட்டிக்கு, அங்கிருந்து திருகாணி வழியாக ராக்கைக்கு, ராக்கையிலிருந்து எர்த் பட்டைக்கு, எர்த் பட்டையிலிருந்து பற்றரி பிளஸுக்கு. இந்தச் சுற்றில் எங்கேயும் பியூஸ் இல்லை. பியூஸ் இருந்தது கருவிகளுக்குப் போகும் பிளஸ் வயரில். பியூஸ் எப்போதும் எர்த் பண்ணாத பக்கத்தில், பற்றரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். பிளஸ் எர்த் என்றால் மைனஸில்.

மைனஸ் பெட்டியோடு சேர்ந்த கருவியை இப்படிப்பட்ட இடத்தில் பாவிக்கவே முடியாதா? பாவிக்கலாம். உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒன்றையொன்று தொடாத கொன்வேட்டர் வாங்க வேண்டும். கடையில் "ஐசொலேற்றட்" என்று கேட்டால் தருவார்கள். விலை கூட. வாங்குவதற்குமுன் மல்டிமீற்றரால் உள்ளே போகும் மைனஸுக்கும் வெளியே வரும் மைனஸுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால் பொய் பிடிபடும். கருவியை ராக்கையில் பூட்டாமல் மரப்பலகையில் வைத்துத் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நெற்வேர்க் கேபிளின் வெளிச்சுற்று உலோக உறை அந்தப் பெட்டியை இன்னொரு கருவியின் பெட்டியோடு சத்தமில்லாமல் இணைத்துவிடும்.

அப்படியென்றால் பற்றரியை எர்த்தே பண்ணாமல் விட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதுவும் ஆபத்து. மிதக்கவிட்ட பற்றரியில் எங்கோ ஒரு வயர் தேய்ந்து இரும்பைத் தொட்டாலும் எதுவும் நடக்காது, யாருக்கும் தெரியாது. இரண்டாவது வயர் தொடும்போது இரண்டு பிழையும் சேர்ந்து வெடிக்கும். எர்த் பண்ணியிருந்தால் முதல் பிழையிலேயே பியூஸ் போய்ச் சொல்லிவிடும். ஆனால் பற்றரியை எர்த்தோடு இணைப்பது ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இணைத்தால், கருவிக்குப் போய்த் திரும்பும் மின்னில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகவும் கேபிள் உறை வழியாகவும் திரும்பும். வருடக்கணக்கில் அது போய்க்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் இணைப்புகள் பச்சையாகப் பூத்து உதிரும்.

ரவுட்டர் மாற்றினோம், பியூஸை மாற்றினோம், இணையம் வந்தது. ஐப்பசியில் முதல் பெரிய இடியோடு கம்பத்து அன்ரெனா ஒன்றும் கீழே சுவிட்ச் ஒன்றும் செத்தன. கம்பத்தில் மின்னல் விழுந்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. கிட்ட எங்கோ விழுந்தது போதுமாக இருந்தது.

கம்பத்துக்கு ஒரு எர்த் கம்பி இருந்தது. கருவி அறைக்கு வேறொரு எர்த் கம்பி, பத்து மீற்றர் தள்ளி. மின்னலைக் கருவிக்குக் கிட்ட வரவிடாமல் வேறாக வைத்தால் நல்லது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டு அன்ரெனாவுக்கும் இப்படித்தான் செய்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 அம்பியர் அளவில் இருக்கும். நல்ல எர்த் என்று சொல்லப்படும் 10 ஓம் எர்த்தில் அது இறங்கினால், 30,000 ஐ 10 ஆல் பெருக்குங்கள்: கம்பத்தின் அடி ஒரு கணம் மூன்று இலட்சம் வோல்ட்டுக்கு உயரும். பத்து மீற்றர் தள்ளியிருக்கும் அறை எர்த் அவ்வளவு உயராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்ன? நெற்வேர்க் கேபிள். அந்தக் கேபிள் போய்ச் செருகும் துவாரம் தாங்கும்படி செய்யப்பட்டிருப்பது ஏறத்தாழ 1,500 வோல்ட்டுக்கு. மீதி மின் கருவிக்குள்ளால் பாயும்.

இதற்குப் பதில், எர்த் ஓமைக் குறைத்துக்கொண்டே போவது மட்டுமல்ல. எல்லா எர்த்தையும் ஒன்றாகக் கட்டுவது. கம்பம், ராக்கை, பற்றரி பிளஸ், சோலார் பனல் சட்டம், வேலி, ஜெனரேட்டர் இருந்தால் அதுவும், எல்லாம் மண்ணுக்குள் ஓடும் ஒரே வளையத்தில். மின்னல் விழும்போது எல்லாம் சேர்ந்து உயரும், சேர்ந்து இறங்கும். தோணி அலையில் ஏறும்போது தோணிக்குள் இருப்பவர் நனைவதில்லை. ஒரு கால் தோணியிலும் ஒரு கால் கரையிலும் வைத்திருப்பவர்தான் விழுவார்.

இது ஐயாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இலங்கையின் மின்னல் ஆய்வாளரான பேராசிரியர் சந்திம கோமஸும் அவரது சகாவும் இலங்கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொடர்பாடல், ஒலிபரப்புக் கோபுரத் தளங்களையும் சுற்றாடலையும் ஆராய்ந்து 2011 இல் 'சேஃப்டி சயன்ஸ்' என்ற ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். தனியொரு எர்த்தின் ஓம் எண்ணை மட்டும் குறைத்து வைப்பதைவிட, பரவலாகப் போடப்பட்டு வளையத்தால் ஒன்றாக இணைக்கப்பட்ட எர்த் மேலானது என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. நம் நாட்டு மண்ணில், நம் நாட்டு டவர்களில் செய்த ஆய்வு. கம்பம் நடும் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்று தெரியாது. நான் பதினான்கு வருடம் கழித்துத்தான் படித்தேன்.

வயர் போகும் வழியும் முக்கியம். மின்னல் மின் மிக வேகமாக ஏறுவதால் நேரான ஒரு மீற்றர் வயரிலேயே பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு வேறுபாடு வரலாம். தடித்த வயராக இருந்தாலும் அது பெரிதாகக் குறையாது. ஆகவே எர்த் வயர் குட்டையாக, நேராக, கீழ்நோக்கிப் போக வேண்டும். கூரான மடிப்பு கூடாது. மிச்ச வயரை வெட்ட மனமில்லாமல் வட்டமாகச் சுற்றிக் கட்டி வைப்பது நம் ஊரில் எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தச் சுற்று மின்னலுக்கு மூடிய கதவு போல. கேபிள்கள் அறைக்குள் நுழையும் இடத்தில் போடும் மின்னெழுச்சித் தடுப்பானுக்கும் இதே சட்டம்தான். நல்ல தடுப்பானை வாங்கி இரண்டு மீற்றர் வயரால் எர்த் பண்ணினால் காசு வீண்.

இனி மணல். இதுதான் மாங்கேணிக்காரருக்கு உரிய பிரச்சினை. 2.4 மீற்றர் எர்த் கம்பி ஒன்றைக் காய்ந்த மணலில் முழுதாக அடித்தாலும் கணக்குப்படி 400 ஓம் அளவில்தான் வரும். அதே கம்பி ஈரக்களியில் 20 ஓம் தரும். நாம் வேண்டுவது, சர்வதேச மின்னல் காப்பு நியமம் சொல்வதன்படி, முடிந்தால் 10 இற்குக் கீழ். ஆவணிக் காய்ச்சலில் அளந்தால் ஒரு எண், மார்கழி வெள்ளத்தில் அளந்தால் வேறு எண். ஒப்பந்தக்காரர் மார்கழியில் அளந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். காய்ந்த நாளில் அளக்கச் சொல்ல வேண்டும். கோடை முடிந்து முதல் இடி வரும்போது மண் அப்படித்தான் கிடக்கும்.

ஐயா மண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்து வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்டார். கம்பி அந்த மட்டத்தைத் தாண்டி இறங்க வேண்டும் என்றார். கரையோர மணலுக்கு இதைவிட இலேசான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கம்பிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்து இறக்கினோம். அப்படி நான்கு இடத்தில். நடுவில் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி வெறும் செப்பு வயர் வளையம். கரியும் உப்பும் போடுவோம் என்று ஒருவர் சொன்னார். பழைய முறைதான், இன்றும் செய்கிறார்கள். ஆனால் உப்பு இரண்டு மாரியில் கழுவுப்பட்டுப் போய்விடும், போகுமுன் செம்பையும் தின்னும். கரையோர ஊர்களில் உப்புக்குப் பஞ்சமுமில்லை. பென்ரோனைற் களி வாங்கி நிரப்பினோம். கம்பத்தின் நாகம் பூசிய இரும்போடு வெறும் செம்பை நேராக முறுக்கவும் கூடாது. உப்புக்காற்றில் அந்த இடத்து நாகம் முதலில் போகும், பிறகு இரும்பு. நடுவில் வெள்ளீயம் பூசிய இணைப்பு வேண்டும்.

கம்பியைச் சம்மட்டியால் அடிக்கத் தொடங்கியதும் பக்கத்து வளவு அம்மா ஓடி வந்தார். "பாத்து அடிங்க மனே, அதுக்குள்ள என்ன கிடக்கோ" என்றார். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2017 இல். அவருக்கும் அது தெரியும். அந்த வளவில் அவரே கிணறு வெட்டியிருக்கிறார். ஆனாலும் இரும்பு மண்ணுக்குள் இறங்கும் சத்தத்துக்கு அவர் உடம்பு இன்னும் பழகவில்லை. நான்காவது கம்பி இறங்கும்வரை வேலியோரம் நின்றுகொண்டே இருந்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

பெரிய டவர்களில் இந்த வேலையெல்லாம் கம்பனிகள் முறையாகச் செய்துதான் கட்டுகின்றன. அங்கே வேறு வில்லங்கம். செம்பு விலை ஏறிய காலத்தில் எர்த் வயரை வெட்டிக்கொண்டு போகிறார்கள். நம் மாவட்டங்களில் போருக்குப் பின் பழைய இரும்பு, செம்பு பொறுக்கி வாழ்ந்த, இன்றும் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கட்டு வேலைக்கு வருபவர்களே வெட்டுவதும் உண்டு. யார் வெட்டினாலும் விளைவு ஒன்றுதான்: எர்த் இல்லாத டவர் வெயில் நாளில் ஒரு குறையும் காட்டாது. எல்லாத் தொலைபேசியிலும் நான்கு கோடு நிற்கும். இடி முழங்கும் இரவில், வெள்ளம் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டிய இரவில், அது போகும். எர்த் இழந்த டவரில் இறங்கும் மின்னல் தனக்கு வேறு வழி தேடும். அந்த வழி மின்சார லைன் வழியாக அயல் வீட்டுக்கும் போகலாம். டவர் வந்தபிறகு எங்கள் ரீவி எரிகிறது என்று சனம் சொல்லும்போது அதிகாரிகள் அதைக் கதிர்வீச்சுப் பயத்தோடு சேர்த்து மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. எர்த் பற்றிய முறைப்பாடு அளந்து பார்க்கக்கூடிய முறைப்பாடு. ஓம் எண் என்ன, கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று டவர்க் கம்பனியிடம் எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் பிரதேச சபைக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் பிரதி அனுப்பலாம். டவர்க் காலடியில் பச்சை மஞ்சள் வயர் வெட்டுண்டு தொங்குவதை வெளியில் நின்றே காணலாம். கண்டால் படம் எடுத்து அனுப்புங்கள். கையால் பிடிக்கவேண்டாம்.

வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இலங்கையில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பிதான். ட்ரிப் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றுவதும் அந்தக் கம்பியை நம்பித்தான். சுனாமிக்குப் பின்னும் மீள்குடியேற்றத்தின்போதும் கட்டிய வீடுகளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். கையால் இழுக்க வருகிற கம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தில் வளையம் போட்டபின் இரண்டு ஐப்பசி போய்விட்டது. கருவிகள் எரியவில்லை. டித்வா நாட்களில் மண்டபத்தின் இணையமும் நின்றது உண்மை. எங்களுக்கு இணையம் தருகிற அடுத்த முனையில் கரண்ட் இல்லை, அதற்கு எங்கள் எர்த் எதுவும் செய்ய முடியாது. அங்கே கரண்ட் வந்ததும் இங்கே எதையும் மாற்றாமலே தொடர்பு வந்தது. அந்த அம்மாவின் மகள் கட்டாரிலிருந்து எடுத்த அழைப்பு அதில்தான் முதலில் வந்தது.

இடி முழங்கினால் முற்றத்தில் நிற்கும் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் வேலையை இப்போது அவரே எடுத்திருக்கிறார். வேலியைத் தொடாதே என்று கத்துவார். வேலியையும் வளையத்தோடு கட்டிவிட்டோம் அம்மா என்று ஐயா விளக்கிப் பார்த்தார். "கட்டினாலும் பரவாயில்ல, தொடவேணாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வளையம் கருவியைக் காப்பாற்றும். ஆனால் மின்னல் மண்ணில் பரவும்போது, கம்பத்துக்குக் கிட்ட நிற்கும் ஒருவரின் ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையிலேயே ஆளைக் கொல்லும் வோல்ட் வரலாம். மாடுகள் கூட்டமாகச் சாவது அதனால்தான். பிள்ளைகள் உள்ளே ஓடும்வரை அவர் கதவடியில் நிற்பார்.